நாற்பது வயதில் எம்.பி.ஏ. படித்தால் நான் வேறு ஆளாகிவிடுவேனா?

கேள்வி: எனக்கு 40 வயது. மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு லேப்பின் பொறுப்பாளராக இருக்கிறேன். வேதியியலில் முதுகலை முடித்து 16 வருடமாக இதே துறைதான். போன வருடம் ஆலைத் தலைமைப் பொறுப்பு காலியானபோது எனக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னைவிட அனுபவம் குறைந்த, எம்.பி.ஏ. படித்த ஒருவருக்கு அது போனது. வேலையை விடாமல் வார இறுதிகளில் படிக்கும் இரண்டு வருட எம்.பி.ஏ.வில் சேரலாமா என்று யோசிக்கிறேன். என் மேலதிகாரி, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறார். கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். மகனுக்கு 10 வயது. எனக்கு உறுத்தல் வேறொன்று. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இந்தப் படிப்பு படித்த பிறகு ஆளே மாறிவிட்டார். எதைப் பேசினாலும் செலவு, லாபம் என்கிறார். நானும் அப்படி ஆகிவிடுவேனா? இல்லை, இரண்டு வருடம் கஷ்டப்பட்டுக் கையில் ஒரு சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மாறிவிடுவேனோ என்று ஒரு பயம், மாறாமலே போய்விடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேலையில் இருப்பவர்களுக்குப் படிப்பு, பணிமாற்றம் பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த வயதில் மேலாண்மை படிக்க வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த இரண்டு பயங்களோடுதான் வருகிறார்கள். இரண்டுக்குமே நியாயம் இருக்கிறது. நீங்கள் மாறத்தான் செய்வீர்கள். ஆனால் எந்த இடத்தில் மாறுவீர்கள் என்பது, படிக்கும் அந்த இரண்டு வருடத்தில் உங்கள் லேப்பில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் பதவி உயர்வு விஷயத்தை முடித்துவிடுகிறேன். கைநழுவிய பொறுப்பை அடுத்த முறை பிடிப்பதற்காக மட்டும் என்றால் சேராதீர்கள். உங்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற காரணம் உங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. "அவருக்கு எம்.பி.ஏ. இருந்தது" என்பது நீங்களாகப் போட்ட கணக்கு. தேர்வு செய்தவர்களிடம் நேரடியாகக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டுவிடுங்கள். உற்பத்திப் பிரிவில் நேரடி அனுபவம் இல்லை என்பது காரணமாக இருந்தால், இரண்டு வருடப் படிப்பைவிட ஆறு மாதம் உற்பத்திப் பக்கம் பொறுப்பு வாங்கிப் பார்ப்பது அதிகம் உதவும். எந்தக் கல்லூரியும் பதவிக்கு உத்தரவாதம் தருவதில்லை. உங்களோடு 16 வருடம் வேலை பார்த்தவர்கள் மனதில் உங்களைப் பற்றி இருக்கும் பிம்பமும் பட்டமளிப்பு விழாவோடு மாறிவிடாது.

வயதைப் பற்றி உங்கள் மேலதிகாரி சொன்னதை நான் ஏற்கவில்லை. ஹார்வர்ட் 1908இல் எம்.பி.ஏ. பட்டத்தைத் தொடங்கியது. 1943இலேயே சிகாகோ பல்கலைக்கழகம், வேலையில் இருக்கும் அனுபவசாலிகளுக்கென்று தனியாக ஒரு எம்.பி.ஏ.வை ஆரம்பித்துவிட்டது. இன்று எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்று நாம் சொல்வதற்கு அதுதான் தொடக்கம். பிறகு மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஒரு படி மேலே போனார். ஆட்களை நிர்வகித்தே பழகாத இளைஞருக்கு நிர்வாகத்தை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது என்று வாதாடினார். வேலையில் இருக்கும் மேலாளர்கள் தங்கள் சொந்த அனுபவத்தையே பாடமாக எடுத்துக்கொள்ளும் ஒரு படிப்பை 1996இல் பல நாட்டுக் கல்லூரிகளோடு சேர்ந்து தொடங்கினார். அவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 24 வயதில் இதைப் படிப்பவருக்குப் பாடத்தைப் பொருத்திப் பார்க்க இடம் கிடையாது. உங்களுக்கு அந்த இடம் இருக்கிறது. அது உங்கள் லேப்தான்.

அந்த லேப்பையே எடுத்துக்கொண்டு என்ன மாறும் என்று சொல்கிறேன். புதுக் கருவி வேண்டும் என்று நீங்கள் எத்தனையோ முறை எழுதிக் கேட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். உங்கள் நிலையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி என்று வைத்துக்கொள்வோம். "இருக்கிற கருவியே 95 சதவீதம்தானே ஓடுகிறது, இன்னும் 5 சதவீதம் மிச்சம் இருக்கிறதே" என்று பதில் வரும். நீங்கள் பழுது, அளவுத்திருத்தம், ஆள் பற்றாக்குறை என்று விளக்குவீர்கள். கோப்பு திரும்பி வந்துவிடும்.

செயல்பாட்டு மேலாண்மை வகுப்பில் வரிசைக் கணிதம் என்று ஒன்று வரும். அதன் மிக எளிய வடிவம் இது. ஒரு கருவி. மாதிரிகள் சொல்லிவைத்தாற்போல் வராமல் முன்பின்னாக வருகின்றன. ஒன்றைச் சோதிக்கச் சராசரியாக அரை மணி நேரம், அதுவும் கூடிக் குறைகிறது. கருவி 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், ஒரு மாதிரி வந்து சேர்ந்து முடிவோடு வெளியேறச் சராசரியாக இரண்டரை மணி நேரம். 90 சதவீதம் என்றால் 5 மணி. 95 சதவீதம் என்றால் 10 மணி. வேலைப்பளு 80இலிருந்து 95க்குத்தான் ஏறியது. ஒரு மாதிரி உள்ளே இருக்கும் நேரமோ நான்கு மடங்காகிவிட்டது. ஆக அந்த 5 சதவீதம் மிச்சமே இல்லை, நெருக்கடிதான். உங்கள் லேப்பின் உண்மை எண்கள் இதே அளவில் இருக்காது. மாதிரிகளைத் தொகுதியாகச் சோதிப்பீர்கள், ஒன்றுக்கு மேல் கருவி இருக்கும். ஆனால் வேலைப்பளு நூறை நெருங்க நெருங்க வரிசை செங்குத்தாக ஏறும் என்ற குணம் மாறாது.

இதோடு 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தேங்கி நிற்பவற்றின் எண்ணிக்கை, நாளொன்றுக்கு வருபவற்றை ஒவ்வொன்றும் தங்கும் நாட்களால் பெருக்கினால் வரும். தினம் 3 பேட்ச் (ஒரே தடவையில் சேர்த்துத் தயாரிக்கும் மருந்துத் தொகுதி) தயாராகி, ஒவ்வொன்றும் உங்கள் ஒப்புதலுக்காக 10 நாள் காத்திருந்தால் கிடங்கில் எப்போதும் 30 பேட்ச் முடங்கிக் கிடக்கும். காத்திருப்பை 6 நாளாக்கினால் 18. மீதி 12 பேட்ச் மருந்தில் முடங்கிய பணம் விடுபட்டு நிறுவனத்தின் கைக்கு வருகிறது. இப்படிச் சரக்கில் முடங்குவது உட்பட, அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணத்துக்கு நிதி வகுப்பில் பெயர் நடைமுறை மூலதனம். விடுபடும் தொகையைக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கூடவே நிகழ்கால மதிப்புக் கணக்கும் வரும். ஆண்டுக்கு 12 சதவீத வீதத்தில் பார்த்தால், ஐந்து வருடம் கழித்து வரப்போகும் 100 இன்றைக்கு ஏறக்குறைய 57தான். நிதிப் பிரிவு ஏன் தாமதமாகக் கிடைக்கும் பலனுக்கு முகம் சுளிக்கிறது, உடனே விடுபடும் பணத்துக்கு ஏன் காது கொடுக்கிறது என்பது அப்போது புரியும்.

கவனியுங்கள், இங்கே உங்கள் தரக்கொள்கை ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நீங்கள் கேட்டது அதே கருவி. கேட்ட விதம் மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை நாள் வேதியியல் காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவை முழுக்கச் சரி. ஆனால் எதிரில் இருப்பவர் எடைபோடத் தெரிந்த காரணங்கள் அவை அல்ல. இந்தப் படிப்பு நல்ல விதமாக வேலை செய்யும்போது நிகழும் மாற்றம் இதுதான். தன் துறையில் தான் சரியாக இருந்தால் போதும் என்று இருந்தவர், தன் சரியை அடுத்தவருடைய கணக்கில் எழுதிக்காட்டக் கற்றுக்கொள்கிறார். பல வருடம் நிபுணராகவே இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் உங்களிடம் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது மாற்றம் பாடப்புத்தகத்தில் வராது. உங்கள் வகுப்பில் விற்பனை ஆட்கள் இருப்பார்கள், மருத்துவமனை நிர்வாகிகள் இருப்பார்கள், வங்கிக்காரர், குடும்பத் தொழிலை நடத்துகிறவர், ராணுவத்திலிருந்து வந்தவர் என்று கலவையாக இருக்கும். ஐந்தாறு பேராகக் குழு பிரித்து, மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்யச் சொல்வார்கள். உங்கள் குழுவில் நிச்சயம் ஒரு விற்பனை மேலாளர் இருப்பார். உங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசியில் போன் போட்டு "பேட்ச் எப்ப வரும், எப்ப வரும்?" என்று உயிரை எடுக்கும் அதே வகை மனிதர். ஆனால் இங்கே அவர் உங்களை விரட்டப்போவதில்லை. இரவு பத்து மணிக்குக் குழுவேலையின் நடுவே, சரக்கு வராததால் பல வருட வாடிக்கையாளர் ஒருவரைப் போட்டி நிறுவனத்திடம் இழந்த கதையை உங்களிடம் சொல்வார். நீங்கள் அவரிடம், அவசரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு பேட்ச் சந்தையிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டால் என்னென்ன நடக்கும் என்று சொல்வீர்கள். இந்தப் பேச்சை உங்கள் சொந்த அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, அங்கே ஒவ்வொருவருக்கும் காப்பாற்ற வேண்டிய தன் பிரிவு இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியர் பட்டியலைப் பார்ப்பதுபோலவே சக மாணவர்கள் யார் என்றும் கேட்கச் சொல்வேன். ஒரே துறையிலிருந்து வந்தவர்களால் நிரம்பிய வகுப்பில் உங்களுக்கு இது கிடைக்காது.

மூன்றாவது மாற்றத்தில் உங்களுக்குத்தான் மற்றவர்களைவிடச் சிரமம் அதிகம். நிகழ்வாய்வு முறை என்று ஒன்று பெரும்பாலான நல்ல கல்லூரிகளில் உண்டு. ஒரு நிறுவனம் சிக்கலில் இருந்த நேரத்தை இருபது பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, "நீங்கள் அந்தத் தலைவராக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்?" என்று கேட்பார்கள். தேவையான தகவலில் பாதி இருக்காது. வகுப்பு முடிவதற்குள் ஒரு பக்கம் நின்று பேசியாக வேண்டும். சோதனை முடிவு கையில் வராமல் வாய் திறக்காத பழக்கத்தில் 16 வருடம் இருந்த உங்களுக்கு முதல் சில மாதம் இது அநியாயமாகவே படும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தலைவரின் நாள் முழுக்க இப்படிப்பட்ட முடிவுகள்தான். யாரை எடுப்பது, எந்தச் சரக்கை முதலில் ஓட்டுவது, இந்த விலைக்கு ஒப்பந்தம் போடலாமா என்று எதற்கும் முழுத் தகவல் வராது. காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும்.

இதில் ஒரு எல்லை உண்டு. உங்கள் பயத்துக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பேட்ச் தேர்ச்சி பெற்றதா இல்லையா என்பது அரைகுறைத் தகவலில், துணிச்சலை நம்பி எடுக்கும் முடிவு கிடையாது. அதைச் சாப்பிடப்போகும் நோயாளி உங்கள் வகுப்பு விவாதத்தில் இல்லை. அங்கே செலவும் லாபமும் பேச இடமே இல்லை. இதை எப்போதும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பேராசிரியர் எந்தக் கட்டமைப்பைக் கொண்டுவந்து காட்டினாலும். எந்த முடிவைக் கணக்குப் பார்த்து எடுக்கலாம், எதைக் கணக்கே பார்க்காமல் விதிப்படி மட்டும் எடுக்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதுதான் உங்கள் பதவியின் உயிர். தரப்பிரிவிலிருந்து மேலே வருகிறவர்கள் குறைவு. இந்தக் கோட்டை அறிந்த ஒருவர் ஆலைத் தலைமைக்கு வருவது நிறுவனத்துக்கும் நல்லது, மருந்து வாங்குகிறவர்களுக்கும் நல்லது.

உங்கள் அலுவலக நண்பருக்கு வருகிறேன். அவரை எனக்குத் தெரியாது, அவரைத் தீர்ப்பளிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் படிப்பின் நடுப்பகுதியில் பலர் அப்படி ஆகிறார்கள். முதல் ஆண்டு முடியும் நேரம் அது. கற்ற சொற்களெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் "அது முழுகிப்போன செலவு", "வாய்ப்புச் செலவைப் பார்த்தீர்களா?" என்று வாயில் வந்துவிடும். தன் நிறுவனத்தின் ஓட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படும். புது மூக்குக்கண்ணாடி போட்ட முதல் நாளில் சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலும் தெரிவதைப் போலத்தான். கூட வேலை செய்பவர்கள் விலக ஆரம்பிப்பதும் அப்போதுதான். "இந்த இடம் எனக்குத் தகுதியானதில்லை" என்று கோபத்தில் ராஜினாமா எழுதத் தோன்றுவதும் அப்போதுதான். அந்தக் கட்டத்தில் யாரும் வேலையை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதம் கடந்தால் கண் பழகிவிடும். எந்தக் கீறல் சுவரை விழுத்தும், எது வெறும் வண்ணம் என்று பிரிக்க முடியும்.

அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. கற்றதை வேலையில் செய்து பார்க்காமல் பேச்சில் மட்டும் செலவழித்தவர்கள் அவர்கள். நீங்கள் எழுதிய "சான்றிதழ் மட்டும் மிஞ்சும்" நிலையும் இதே காரணத்தால் வருவதுதான். ஞாயிற்றுக்கிழமை கற்ற ஏதோ ஒன்றைத் திங்கள், செவ்வாய்க்குள் லேப்பில் சிறிதாகப் பயன்படுத்திப் பாருங்கள். கலைச்சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் கொண்டுபோங்கள். "நடைமுறை மூலதனம்" என்று உங்கள் வேதியியலாளர்களிடம் சொல்ல வேண்டாம். "ஒரு பேட்ச் சராசரியா எத்தனை நாள் நம்மகிட்ட நிக்குதுன்னு இந்த மாசம் எழுதி வைப்போமா?" என்று கேளுங்கள். அவர்களே ஆர்வமாக வருவார்கள்.

படிப்பால் மாறாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மோதலைக் கண்டு ஒதுங்கும் குணம், கீழே இருப்பவரிடம் வேலையை ஒப்படைக்க மனம் வராதது, எல்லா அறிக்கையையும் தானே மறுபடி பார்த்தால்தான் நிம்மதி என்பது, இவை எதையும் வகுப்பு சரிசெய்யாது. தலைமைப் பண்பு என்று பாடம் இருக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் உங்களுக்கு அடுத்த நிலையில் உள்ளவரிடம் ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுத்து, அவர் உங்களைவிட மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பயிற்சி லேப்பில்தான் நடக்க வேண்டும். அதோடு, அதை நீங்கள் செய்யாவிட்டால் படிக்க நேரமே கிடைக்காது.

ஏனென்றால் நேரம் பெரிய விஷயம். வகுப்பு, வாசிப்பு, குழுவேலை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுநேர வேலைக்கு மேல் இது, இரண்டு வருடத்துக்கு. "உன் இஷ்டம்" என்ற உங்கள் கணவரின் பதிலை வைத்துக்கொண்டு சேர்ந்துவிடாதீர்கள். அதில் அன்பு இருக்கிறது, திட்டம் இல்லை. சனி, ஞாயிறு பையனை யார் பார்ப்பது, அவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று உங்களுக்குத் தேர்வு இருந்தால் என்ன செய்வது, வீட்டு வேலையில் எது எது அவருடையது என்று உட்கார்ந்து பேசி எழுதுங்கள். மகனிடமும் சொல்லுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அம்மா ஏன் ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள் என்று புரியும். யாரும் சொல்லாவிட்டால்தான் அவனாக வேறு காரணம் கற்பித்துக்கொள்வான்.

கல்லூரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, ஈக்விஸ் என்ற மூன்று சர்வதேச அங்கீகாரங்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நாட்டு அரசு அங்கீகாரம் தனி, அது கட்டாயம் வேண்டும். ஆம்பா அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஏ.வில் சேர குறைந்தது மூன்று வருட வேலை அனுபவம் கேட்பார்கள் என்பதால் வகுப்பில் அனுபவசாலிகள் இருப்பார்கள் என்று நம்பலாம். படித்து முடித்து மூன்று நான்கு வருடம் ஆனவர்களிடம் பேசுங்கள். கல்லூரியே அறிமுகப்படுத்துகிறவர்களிடம் மட்டும் பேசினால் போதாது. கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால், சம்பளம் ஒரு காசுகூட உயராது என்று வைத்துக்கொண்டு தவணையைக் கணக்குப் போடுங்கள். அப்படியும் தாங்கினால் மேலே யோசியுங்கள். நிறுவனம் கட்டணம் தர முன்வந்தால், எத்தனை வருடம் வெளியேறக்கூடாது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்த வரிகளைக் கையெழுத்துக்கு முன் வாசித்துவிடுங்கள்.

என் முடிவைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் நான் படிப்பின் பக்கம்தான். கையில் ஒரு லேப் இருக்கிறது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள், தீர்க்கப்படாத நிஜப் பிரச்சினைகள் இருக்கின்றன, இன்னும் ஏறக்குறைய இருபது வருட வேலை பாக்கி இருக்கிறது. செலவு லாபம் மட்டுமே பேசும் மனுஷியாக ஆகிவிடக்கூடாது என்ற கவலையும் இருக்கிறது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இந்த ஆண்டே சேர வேண்டாம். முதலில் கணக்கியல் அல்லது நிதி மேலாண்மை என்று ஒரே ஒரு பாடத்தை, மூன்று மாதத்தில் முடியும் சான்றிதழ்ப் படிப்பாக, வேலையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். இணையவழியில் நல்ல பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அந்த மூன்று மாதத்தில் உங்கள் நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டை நிதிப் பிரிவில் யாரிடமாவது கேட்டு வாங்கி, மூலப்பொருளும் முடிந்த சரக்கும் எந்த வரியில் வருகின்றன, அதில் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பாருங்கள்.

மாத இறுதி வேலைப்பளுவின் நடுவிலும் அந்தப் பாடத்தை விடாமல் முடித்தீர்களா, வீடு எப்படித் தாங்கியது, அந்த வரியைத் தேடியபோது அலுப்பு வந்ததா ஆர்வம் வந்ததா என்று அப்போது உங்களுக்கே தெரியும். அலுப்பாக இருந்தால் தயங்காமல் விட்டுவிட்டு உங்கள் துறையிலேயே இன்னும் ஆழமாகப் போங்கள். தரத்துறையில் உச்சிக்குப் போக எம்.பி.ஏ. கட்டாயமில்லை. ஆர்வமாக இருந்தால், கிடைத்த எண்ணை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மேலதிகாரியைப் பாருங்கள். படிக்க அனுமதி கேட்டுப் போக வேண்டாம். லேப்பில் காத்திருப்பைக் குறைக்க ஒரு சிறு முயற்சிக்குப் பொறுப்பு கேட்டுப் போங்கள். படிப்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகு வரட்டும், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவரிடம் அப்போது காட்டுவதற்குக் கையில் ஒரு வேலை இருக்கும்.